எந்த மாவட்டப் பிள்ளை?

கரைவாகுக் கல்விக் கதை – 14

கல்முனையில் மட்டக்களப்பு பஸ் ஏறினால் பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டியபடியே வரும். பெரியநீலாவணையைக் கடந்தால் பெரியகல்லாறு. இரண்டுக்கும் நடுவே அம்பாறை மாவட்டம் முடிந்து மட்டக்களப்பு மாவட்டம் தொடங்கிவிடுகிறது. பஸ்ஸில் இருப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. கொண்டக்டரின் ரிக்கட் கணக்கிலும் அது வராது. மேற்கே வாவிப் பக்கம் பிரியும் தெருவில் போனால் துறைநீலாவணை. பேரிலும் கொண்டு கொடுத்த உறவிலும் நெருங்கிய ஊர்தான். ஆனால் அது மட்டக்களப்பு மாவட்டம், இது அம்பாறை மாவட்டம்.

1961ஆம் ஆண்டுக்கு முன் இந்தக் கோடு இல்லை. வெருகலிலிருந்து பொத்துவிலுக்கு அப்பால் வரை எல்லாம் மட்டக்களப்பு மாவட்டமாகவே இருந்தது. கல்லோயாக் குடியேற்றத்தோடு வளர்ந்த அம்பாறை நகரைத் தலைநகராக வைத்து, 1961இல் தெற்குப் பாதியைத் தனி மாவட்டமாக வெட்டினார்கள். அந்த வெட்டைப் பற்றிய அரசியல் விவாதங்கள் வேறு. இந்தத் தொடரில் முன்னமே தொட்டிருக்கிறோம். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது ஒரு விஷயம் மட்டும். கச்சேரி எது, காணிக் கந்தோர் எது என்று சொல்வதற்காகப் போட்ட அந்தக் கோடு, பதின்மூன்று வருடம் கழித்து, ஒரு பிள்ளை டொக்டராவதா இல்லையா என்று தீர்மானிக்கும் கோடாக மாறியது. 1961இல் வரைபடத்தில் பேனை வைத்தவர்கள் எவரும் அதை நினைத்திருக்க மாட்டார்கள்.

பெரியநீலாவணை என்றதும் வெளியூர் வாசகருக்குக் கவிஞர் நீலாவணன் நினைவுக்கு வருவார். ஊர்ப் பெயரையே புனைபெயராக எடுத்துக்கொண்ட அந்த ஆசிரியர் 1931இல் பிறந்து 1975இல் மறைந்தார். அவர் படித்துப் படிப்பித்த அந்த நாற்பத்துச் சொச்ச வருடங்களுக்குள்தான் பல்கலைக்கழகக் கதவு முதலில் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மட்டும் திறந்தது. பிறகு தாய்மொழியில் படித்தவர்களுக்குத் திறந்தது. பிறகு மொழி பார்த்து, அதன் பிறகு மாவட்டம் பார்த்துத் திறக்கத் தொடங்கியது.

1942 ஜூலையில் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவரைத் தெரிவு செய்யும் பொறுப்பு முழுக்கப் பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது. பிரவேசப் பரீட்சையை அதுவே நடத்தியது, அதுவே திருத்தியது. புள்ளி விளிம்பில் நிற்பவர்களைக் கூப்பிட்டு நேர்முகமாகவும் கேள்வி கேட்டார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். ஆங்கிலம் படிப்பித்த பாடசாலைகளோ பெரும்பாலும் கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தன. நமது பக்கத்தில் மட்டக்களப்பு நகரின் மிஷன் கல்லூரிகளை விட்டால் கல்முனை உவெஸ்லி போன்ற ஓரிரண்டுதான். ஆகவே அந்தக் காலத்தில் கல்முனையைச் சூழ்ந்த கரைவாகுப் பற்றிலிருந்து பேராதனைக்கோ கொழும்புக்கோ போனவர்களை ஊரில் விரல் மடக்கி எண்ணினார்கள். தகுதி ஒன்றே அளவுகோல் என்று அந்தக் காலத்தைப் புகழ்ந்து பேசுகிற பழைய பட்டதாரிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அளவுகோலை நீட்டிய இடத்திலேயே நமது பிள்ளைகள் பெரும்பாலானோர் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வியும் மத்திய மகா வித்தியாலயங்களும் வந்த கதையைப் போன அத்தியாயங்களில் பார்த்தோம். அவற்றின் விளைச்சல் அறுபதுகளில் கைக்கு வந்தது. தமிழிலும் சிங்களத்திலும் படித்தவர்கள் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் முதலில் கலைப்பீடத்துக்குள் நுழைந்தார்கள். விஞ்ஞானப் பீடங்களுக்குத் தாய்மொழிக்காரர் வந்து சேர இன்னும் சில வருடங்கள் எடுத்தன. அறுபதுகளின் நடுவில் பிரவேசப் பரீட்சை பல்கலைக்கழகத்தின் கையை விட்டுப் பரீட்சைத் திணைக்களத்துக்குப் போனது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையே பல்கலைக்கழகப் பரீட்சையும் ஆயிற்று. விண்ணப்பித்தவர் தொகை பல மடங்காகப் பெருகியது. மருத்துவ, பொறியியல் பீடங்களின் கதிரைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஆயிரம் பேர் கேட்டு நிற்கும் வாசலில் நூறு கதிரை என்றால், யாரை உள்ளே விடுவது என்ற கேள்வி பரீட்சைக் கேள்வியாக மட்டும் நிற்காது. அது அரசியல் கேள்வியாகும். 1970இல் அப்படித்தான் ஆனது.

அவ்வருடம் மே மாதம் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி அரசு வந்தது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். அலிகாரில் படித்தவர், கம்பளை சாஹிராவின் அதிபராக இருந்தவர். முஸ்லிம் பாடசாலைகளுக்கும் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களுக்கும் அவர் செய்ததைக் கல்முனையில் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரிக்குச் சூட்டப்பட்டிருப்பது அவர் பெயர். அதே அமைச்சரின் காலத்தில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் வந்தது. யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயரை எந்தத் தொனியில் உச்சரித்தார்கள் என்று வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். கிழக்கு முஸ்லிமுக்கும் வடக்குத் தமிழருக்கும் ஒரே மனிதரைப் பற்றி இரண்டு நினைவுகள் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைத்தான் இந்த அத்தியாயத்தில் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1970ஆம் ஆண்டுப் பரீட்சையில் பொறியியலுக்குத் தெரிவாகக்கூடியவர்களில் தமிழர் தொகை பெரிதாக இருக்கிறது என்ற செய்தி பரவியது. தமிழ்ப் பரீட்சகர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் புள்ளியை அள்ளிப் போட்டார்கள் என்ற வதந்தியும் கூடவே பரவியது. விசாரித்ததில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் வதந்திக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. 1971 அனுமதிக்கு மொழிக்கு மொழி வேறு வெட்டுப்புள்ளி வந்தது. நானூறு புள்ளிக்கு, மருத்துவமும் பல்மருத்துவமும் படிக்கச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதும். தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். பேராதனைப் பொறியியலுக்கு 227க்கு எதிரே 250. கேள்வி ஒன்று, நாள் ஒன்று, மண்டபம்கூடச் சில இடங்களில் ஒன்று. விடை எழுதிய மொழிக்கு மருத்துவத்தில் இருபத்தொரு புள்ளி, பொறியியலில் இருபத்துமூன்று புள்ளி வித்தியாசம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தை வைத்தே சொல்வார்கள். கல்முனை அந்தக் கதையில் வருவதில்லை. ஆனால் கல்முனையில் பரீட்சை எழுதிய முஸ்லிம் பிள்ளை எந்த மொழியில் எழுதினான்? தமிழில். பெரியநீலாவணைத் தமிழ்ப் பிள்ளை? அவனும் தமிழில். இருவருக்கும் 250தான். யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளின் ஆய்வுகூடமோ, தலைமுறையாகக் கணிதம் கற்பித்த ஆசிரியர்களோ, டியூட்டரிகளோ இவர்களுக்கு இல்லை. சிங்கள மொழிமூலத்தில் இப்படியே வசதியில்லாமல் மொனராகலையில் எழுதிய பிள்ளைக்கு 229. வசதிக் குறைவுக்கு ஈடு கொடுப்பதாகச் சொன்ன திட்டம், வசதியே இல்லாத தமிழ்மொழிமூலப் பிள்ளையிடம் அதிகப் புள்ளி கேட்டது. அமைச்சர் முஸ்லிம் என்பதால் இந்த ஏற்பாடு முஸ்லிம்களுக்குச் சாதகமாக இருந்தது என்று நினைப்பவர்கள், 1971க்கும் 1973க்கும் அதைப் பொருத்திப் பார்க்க முடியாது.

1973இல் வெளிப்படையான இரட்டை வெட்டுப்புள்ளியை எடுத்துவிட்டுக் கணிதத்தைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு மொழிமூலத்தவரின் சராசரியையும் புள்ளிகள் எவ்வளவு விரிந்து கிடக்கின்றன என்பதையும் கணக்கெடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பொருத்தினார்கள். தரப்படுத்தல் என்று ஊர் உலகம் சொல்வது இதைத்தான். கணக்கில் பிழை இல்லை. எந்தக் கூட்டத்தின் சராசரி என்பதில்தான் எல்லாம் இருந்தது. தமிழ் மொழிமூல விஞ்ஞானச் சராசரியை உயர்த்தி வைத்திருந்தவர்கள் யாழ்ப்பாணத்தார். அந்த உயர்ந்த சராசரிக்கு எதிரே கல்முனைப் பிள்ளையின் புள்ளி இறங்கியது. அவன் கண்ணால் காணாத யாழ்ப்பாண ஆய்வுகூடங்களின் பெயரில் அவனிடமிருந்து புள்ளி கழிக்கப்பட்டது.

1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. மாவட்டத்தின் சனத்தொகைக்கு ஏற்ப இடம் என்றார்கள். இந்த இடத்தில் கிழக்கின் கதை வடக்கின் கதையிலிருந்து பிரிகிறது. கல்முனைப் பிள்ளை முதல் தடவையாக யாழ்ப்பாணத்துக் கூட்டத்திலிருந்து பிரித்து எடுக்கப்பட்டு, அம்பாறைக் கூட்டத்தில் வைத்து அளக்கப்பட்டான். அந்த வருடங்களின் அனுமதியை அக்காலத்திலேயே நுணுகி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் சி. ஆர். டி சில்வா காட்டுவது இதுதான்: இழந்தவை யாழ்ப்பாணமும் கொழும்பும்; பெற்றவை கண்டி மலைநாட்டு மாவட்டங்களும் கிழக்கும் இவை போன்ற பின்தங்கிய இடங்களும். முஸ்லிம்களும் கிழக்குத் தமிழரும் பெற்றவர்கள் பக்கம் இருந்தார்கள்.

ஆனால் நாடு முழுவதுமாகப் பார்த்தால் கணக்கு வேறு. விஞ்ஞானம் சார்ந்த கற்கைகளில் தமிழரின் பங்கு 1970இல் சுமார் 35 வீதமாக இருந்தது. 1975இல் 19 வீதம். ஐந்தே வருடத்தில் ஒரு சமூகத்தின் நடுத்தர வர்க்கம் தனது பிள்ளைகளுக்கு என்று நம்பியிருந்த வழி பாதியாக ஒடுங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் வயலைவிட அரச உத்தியோகமும் தொழில்சார் படிப்புமே சோறு போட்டன என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கோபத்தின் அளவு புரியும். 1970இல் உருவான தமிழ் மாணவர் பேரவை இந்தக் கோபத்தில் வளர்ந்தது. அங்கிருந்து கிளம்பிய பாதை எங்கே போய் முடிந்தது என்பது இந்தக் கரையில் இருக்கிற எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தரப்படுத்தல்தான் யுத்தத்துக்குக் காரணம் என்று ஒரே வரியில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காணியும் மொழிச் சட்டமும் கலவரங்களும் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் பதினெட்டு வயதுப் பையன்களை நேரடியாகத் தொட்டது இதுதான்.

மட்டக்களப்புத் தமிழர் நிலை சங்கடமானது. மொழிவழித் தரப்படுத்தல் அவர்களையும் தண்டித்தது, மாவட்டப் பங்கீடு அவர்களைத் தூக்கிவிட்டது. தமிழ்க் கட்சிகளின் மேடைகளில் இரண்டையும் சேர்த்தே கண்டித்தார்கள். வீட்டுக்குள் ‘மாவட்டக் கோட்டா இல்லாட்டி நம்மட புள்ளைக்கு எங்க கம்பஸ்?’ என்று பேசியவர்களும் இருந்தார்கள். இந்த இரட்டைப் பேச்சை எழுதி வைத்தவர்கள் குறைவு.

1976இல் திட்டத்தைத் தளர்த்தினார்கள். 70 வீதம் புள்ளிப்படி, 30 வீதம் மாவட்டப்படி என்று. 1977இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய தேசியக் கட்சி மொழிவழித் தரப்படுத்தலை எடுத்துவிட்டது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிறந்தது. அனுமதி இன்றுவரை அதன் கையில். 1979இல் 30 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட சனத்தொகை, 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று வகுத்தார்கள். பிறகு எண்கள் பல தடவை மாறின, உடம்பு மாறவில்லை. இன்று 40, 55, 5. பின்தங்கியவை என்று பதினாறு மாவட்டங்கள். அம்பாறையும் உண்டு, மட்டக்களப்பும் உண்டு. கலைத்துறைக்கு இந்தப் பங்கீடு இல்லை. அங்கே நாடளாவிய திறமைதான்.

இந்த எண்களை ஊர்க் கணக்குக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஏதாவதொரு கற்கைக்கு நாடு முழுக்க ஆயிரம் இடம் என்று வையுங்கள். 400 இடம் திறமை வரிசைக்குப் போகும். அதில் எந்த மாவட்டத்தவனும் வரலாம். 550 இடம் இருபத்தைந்து மாவட்டத்துக்கும் சனத்தொகைப்படி. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் தொகை இரண்டு கோடி மூன்றரை இலட்சம் அளவு. அம்பாறையில் ஆறரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மட்டக்களப்பில் ஐந்தே கால் இலட்சம். அம்பாறைக்கு ஏறத்தாழ 17 அல்லது 18 இடம் வரும், மட்டக்களப்புக்கு 14. மிச்சம் 50 இடத்தைப் பதினாறு மாவட்டங்கள் பங்கு போட்டால் அம்பாறைக்கு 4, மட்டக்களப்புக்கு 3. ஆக ஆயிரத்தில் அம்பாறைக்கு உறுதியானது 21 அல்லது 22 இடம், மட்டக்களப்புக்கு 17. பெரியநீலாவணைப் பிள்ளை இருபத்திரண்டு இடத்துக்கு ஒரு கூட்டத்தோடும், துறைநீலாவணைப் பிள்ளை பதினேழு இடத்துக்கு இன்னொரு கூட்டத்தோடும் மோதுகிறார்கள். எந்தக் கூட்டத்தில் போட்டி கடுமை என்பது வருடத்துக்கு வருடம், பாடத்துக்குப் பாடம் மாறும். அதனால் வெட்டுப்புள்ளி வெளிவரும் நாளில் ஒரே டியூசன் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்த இருவரில் ஒருவருக்குக் கிடைத்து, அவரைவிடக் கூடிய புள்ளி எடுத்த மற்றவருக்குக் கிடைக்காமல் போவதற்கு இடமுண்டு. முறைகேடு எதுவும் நடந்திருக்காது. கோடு அப்படி.

இன்னொன்று. கோடு வீட்டைப் பார்ப்பதில்லை, முதலில் பாடசாலையைப் பார்க்கிறது. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாரோ அதுவே விண்ணப்பதாரியின் மாவட்டம். இடையில் மாவட்டம் மாறியிருந்தால்தான் பெற்றோரின் நிரந்தர வதிவிடம், வாக்காளர் இடாப்பு என்று தேடப் போவார்கள். ஆகவே பெரியநீலாவணையில் வீடு வைத்திருந்தாலும், பிள்ளை எல்லைக்கு அப்பால் கல்லாற்றுப் பக்கம் படித்தால் அவள் மட்டக்களப்புப் பிள்ளை. பஸ்ஸில் இரண்டு தரிப்பு வடக்கே போவதா தெற்கே போவதா என்று சாதாரண தரத்துக்கு முன்பே எடுக்கிற முடிவு, பிற்பாடு மாவட்டத்தையே மாற்றிவிடும். எல்லைக் கிராமத்துப் பெற்றோர் இதை நன்றாகத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது அளவுகோல் இசட் புள்ளி. நான்கு பாடம் மூன்று பாடமாகக் குறைந்த காலத்தோடு, 2001 முதல் இது நடைமுறைக்கு வந்தது. முன்வைத்தவர் பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில். அதற்கு முன் வெறும் புள்ளிகளைக் கூட்டினார்கள். இலேசான பாடம் எடுத்தவன் 80 வாங்கி, கடினமான பாடத்தில் 65 வாங்கியவனை முந்திவிடுவான். இசட் புள்ளியில் ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். சராசரி 40, நியம விலகல் 15 உள்ள பாடத்தில் 70 எடுத்தவருக்கு 2.0. சராசரி 55, நியம விலகல் 12 உள்ள பாடத்தில் அதே 70க்கு 1.25. மூன்று பாடத்தின் சராசரியே அவருடைய இசட் புள்ளி. நான்கு தசம தானம் வரை போகும். ஐந்து பேர் ஒரே வெட்டுப்புள்ளியில் நின்றாலும் நாலாம் தசமத்தில் பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கை.

கவனித்தீர்களா? 1973இல் செய்ததும் இதே கணக்குத்தான். அன்று சராசரியை மொழிக்கு மொழி எடுத்தார்கள். இன்று பாடத்துக்குப் பாடம், எல்லா மொழியையும் சேர்த்து எடுக்கிறார்கள். சூத்திரத்தைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. எந்தக் கூட்டத்துக்குள் நிறுத்தி அளப்பது என்று தீர்மானிக்கிற மனிதரைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு 2011ஆம் ஆண்டுப் பரீட்சையே சாட்சி. அந்த வருடம் பழைய பாடத்திட்டக்காரர்களும் புதிய பாடத்திட்டக்காரர்களும் சேர்ந்து எழுதினார்கள். வினாத்தாள் வேறு, ஆள் வேறு. ஆனால் இரண்டு கூட்டத்தையும் கலந்து இசட் புள்ளி போட்டார்கள். 2011 டிசம்பரில் பெறுபேறு வந்ததும் மாவட்ட நிலைகளில் குளறுபடி. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளைத் தள்ளி, இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியே கணக்கிடச் சொன்னது. நாற்பது வருடத்துக்கு முன் கல்முனைப் பிள்ளை கேட்டிருக்க வேண்டிய வழக்கு அது என்று அப்போது எனக்குத் தோன்றியது. கேட்பதற்கு அன்று அவனுக்கு யார் இருந்தார்கள்?

விண்ணப்பத்தை யார் படிக்கிறார்கள் என்று வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் கேட்பதுண்டு. அமெரிக்காவில் பிள்ளை தன்னைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும், ஆசிரியர் கடிதம் தர வேண்டும், ஓர் அலுவலர் இருந்து முழுவதையும் வாசித்து மதிப்பிடுவார். அங்கே இனத்தைக் கணக்கில் எடுப்பதை 2023 ஜூனில் ஹார்வர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. இங்கே எவரும் பிள்ளையை வாசிப்பதில்லை. கட்டிடக்கலை, இசை மாதிரிச் சில கற்கைகளுக்கு உளச்சார்புப் பரீட்சை வைப்பார்கள். மற்றதெல்லாம் இசட் புள்ளி, மாவட்டம், விருப்பத் தெரிவு ஆகிய மூன்றும்தான். ஆணைக்குழுவின் கைநூலைப் பார்த்து, கற்கையும் பல்கலைக்கழகமும் சேர்ந்த யுனிகோட் இலக்கங்களை விருப்ப வரிசையில் போட வேண்டும். கணினி முதலில் திறமைப் பட்டியலை நிரப்பும், அடுத்தது மாவட்டம், கடைசியில் பின்தங்கிய மாவட்டங்கள். வரிசையில் மேலே உள்ள எந்தத் தெரிவுக்குப் பிள்ளையின் புள்ளி எட்டுகிறதோ அது கிடைக்கும். முதலாம் இடத்தில் எதைப் போடுவது, இரண்டாம் இடத்தில் ஒலுவிலா (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) வந்தாறுமூலையா (கிழக்குப் பல்கலைக்கழகம்) என்று கல்முனைப் பக்க வீடுகளில் நடக்கும் ஆலோசனை, கல்யாணப் பேச்சுக்குக் குறைந்ததல்ல. வாப்பா ஒன்று சொல்வார், மாமா ஒன்று சொல்வார், டியூசன் சேர் வேறொன்று சொல்வார். பிள்ளைக்கு என்ன விருப்பம் என்பது சில வீடுகளில் கடைசியாக வரும்.

அண்மை ஆண்டுகளில் விண்ணப்பம் இணையவழியாகிவிட்டது. ஆனாலும் எந்தப் பாடசாலையில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்ற விபரமும் அதிபரின் சான்றும் இல்லாமல் அது நகராது. ஏன் அவ்வளவு கெடுபிடி என்றால், பின்தங்கிய மாவட்டத்தின் குறைந்த வெட்டுப்புள்ளியை நாடி வெளிமாவட்டப் பிள்ளைகள் வந்து எழுதும் பழக்கம் நாட்டில் பழையது. கொழும்பிலோ கண்டியிலோ டியூசன் எடுத்துவிட்டு, பேருக்கு ஒரு தூரத்துப் பாடசாலையில் பதிந்துகொள்வார்கள். மூன்று வருட விதி அதைத் தடுக்க வந்தது. முழுவதும் தடுத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பிடிபட்டால் விண்ணப்பம் போகும். பிடிபடாவிட்டால் உண்மையான மாவட்டப் பிள்ளை ஒருவரின் கதிரை போகும்.

வெளியார் கதை இருக்கட்டும், உள்ளே என்ன? அம்பாறை மாவட்டம் ஒரே மாதிரியான நிலம் அல்ல. 2012 குடிசன மதிப்பீட்டில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை, மகாஓயா, தெஹியத்தகண்டிய என்று ஏழு கல்வி வலயங்கள். கல்முனை சாஹிராவிலும் கார்மேல் பாத்திமாவிலும் படிக்கும் பிள்ளையும், பொத்துவில் கடைசியில் ஒரு பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியருக்காகக் காத்திருக்கும் பிள்ளையும், மகாவலிக் கரையில் தெஹியத்தகண்டியவில் படிக்கும் பிள்ளையும் ஒரே மாவட்ட வரிசையில் நிற்கிறார்கள். அம்பாறைக்கு ஒதுக்கிய இடங்களில் பெரும்பங்கு நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்குப் போனால், 1970இல் யாழ்ப்பாணத்தைப் பார்த்து மற்றவர்கள் சொன்னதை இன்று பொத்துவில் கல்முனையைப் பார்த்துச் சொல்லலாம். கல்முனைக்காரர்கள் இதை விரும்பிக் கேட்க மாட்டார்கள். நானும் கல்முனைக்காரன்தான்.

தமிழ்நாட்டில் 2020இல் வேறு வழி எடுத்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு. அங்கே அலகு மாவட்டம் அல்ல, பள்ளி. கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பாடசாலைகளைத் தரம் பிரித்து ஆசிரியர் இடமாற்றம் செய்யும் வழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியலை அனுமதிக்கும் பயன்படுத்தினால் என்ன என்ற கேள்வி நியாயமானது. 1961இல் கச்சேரிக்காகப் போட்ட கோட்டை இன்னும் எத்தனை காலம் பிள்ளைகளின் தலைக்கு மேல் வைத்திருப்பது? மாவட்டக் கோட்டாவை எடுத்துவிடச் சொல்பவர்களோடு நான் இல்லை. எடுத்தால் முதலில் விழுவது நாம். ஆனால் அலகு சிறுக்க வேண்டும்.

இன்னொரு விபரத்தையும் இங்கே பதிந்து வைக்கிறேன். பின்தங்கிய மாவட்டங்கள் பதினாறில் யாழ்ப்பாணமும் ஒன்று. 1974இல் எந்த மாவட்டத்தின் மிகையை வெட்டுவதற்காகப் பங்கீடு வந்ததோ, அந்த மாவட்டம் இன்று அம்பாறையோடும் மொனராகலையோடும் ஒரே பட்டியலில் நிற்கிறது.

தகுதி பெறுகிற ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் அரச பல்கலைக்கழகத்துக்குள் போவது நாற்பதாயிரம் சொச்சம். மிச்சப் பேருக்கு என்ன வழி என்பதைக் கிழக்கு இரண்டு விதமாகத் தேடியது. 1981இல் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயக் கட்டிடங்களில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. 1990இன் இனமோதலுக்குப் பின் முஸ்லிம் மாணவர் அங்கே போக முடியாமல் போனபோது முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சியில் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, 1996 மே மாதம் முழுப் பல்கலைக்கழகமானது. அந்த இரண்டு கதையும் அடுத்த அத்தியாயத்தில்.

அதற்கு முன் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். 1971 தொடங்கி 1979 வரையான வருடங்களில் கல்முனை, மருதமுனை, பெரியநீலாவணைப் பகுதியிலிருந்து உயர்தரம் எழுதியவர்கள், அனுமதி கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும், உங்களிடம் பெறுபேற்றுத் தாளோ, அனுமதிக் கடிதமோ, மறுப்புக் கடிதமோ இருந்தால் ஒரு பிரதி எடுத்து ஆசிரியபீடத்துக்கு அனுப்புங்கள். யாழ்ப்பாணத்தார் தங்கள் பக்கத்தை நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். நமது பக்கத்துக் கடதாசிகளில் கொஞ்சம் 2004 சுனாமியில் கடலோடு போய்விட்டன. மிச்சம் இருப்பவை பெட்டிகளில் கறையான் அரிப்பதற்கு முன் அச்சேறட்டும்.

(தொடரும்)